ஆளுக்கு ஒரு பிடி

அரிசி களைந்த தண்ணீருக்குச் சின்னம்மாவிடம் மூன்று வேலைகள் இருந்தன. முதல் கழுவல் பின்பக்கத்துப் பப்பாளி மரத்துக்குப் போகும். இரண்டாவது கழுவலில் புளி கரைத்து ரசம் வைப்பார். மூன்றாவதில் பாத்திரம் அலசுவார். தேங்காயை மூன்று முறை பிழிந்த பிறகும் சக்கையை விடமாட்டார். வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, காய்ந்த மிளகாயும் உப்பும் வைத்து இடித்துத் துவையலாக்கிவிடுவார். ஒரு கருவாட்டுத் தலை இரண்டு நாள் குழம்பில் கொதிக்கும். சார்டின் டின் காலியானதும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் குழம்பில் சேர்ப்பார். எங்கள் வீட்டில் குப்பை என்று ஒன்று சேர்ந்ததே இல்லை. நாலு கோழி வளர்க்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை சொன்னபோது, "கோழிக்கு எதப் போடுறது?" என்று கேட்டார்.

அவர் என் அப்பாவின் இரண்டாவது மனைவி. அம்மா காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் கழித்து, எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள். அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு அவர் 'இந்தா'. லயத்துப் பெண்களுக்குப் 'புதுசா வந்தது'. வந்து நாலு வருடம் ஆன பிறகும் புதுசா வந்ததுதான். அதிகம் பேசமாட்டார். சிரித்தால் பல் தெரியாது. கை மட்டும் எப்போதும் எதையாவது ஒதுக்கிக்கொண்டே இருக்கும்.

தட்டில் சோறு போட்டு வைப்பார். நாங்கள் கை வைப்பதற்கு முன்னால் அவருடைய கை வரும். அப்பாவின் தட்டிலிருந்து ஒரு பிடி, என் தட்டிலிருந்து ஒரு பிடி, தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவார். போட்டதையே எதற்குத் திரும்ப எடுக்க வேண்டும், குறைத்தே போடலாமே என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"கொறச்சுப் போட்டா கொறவா தெரியும்," என்றார் சின்னம்மா. "எடுத்தா, எடுத்து வெச்சிருக்குன்னு தெரியும்."

அவருடைய கடைசிப் பதினோரு வருடங்கள் ஜோகூர் பாருவை அடுத்த ஸ்கூடாயில் எங்கள் வீட்டில்தான் கழிந்தன. இன்றும் நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். என் மகன் யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. சனிக்கிழமையானால் அவனுடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் சாப்பிட வந்துவிடுவார்கள். ரைஸ் குக்கர் நிறையச் சோறு இருக்கும். அப்போதும் அந்தக் கை நீளும், விருந்தாளிப் பையன்களின் தட்டுக்கே போகும். அவர்கள் திகைத்துப் போய் என்னைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு மானம் போகும்.

"அத்தை, இங்க யாரும் பட்டினி கெடக்கல," என்றார் ஒருநாள், கொஞ்சம் கடுமையாகவே.

"இன்னிக்குக் கெடக்கல," என்றார் சின்னம்மா.

அந்த வீட்டில் யாருக்கும் அந்தக் கை விளங்கவில்லை. எனக்கு விளங்கும். ஒன்பது வயதில் நான் அந்தக் கையைக் காட்டிக் கொடுத்தவள்.

அது காட்டுக்காரர்களுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்த காலம். வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதுதான் சர்க்காரின் குறி. முதலில் அரிசி அளவைக் குறைத்தார்கள். பிறகு சீனக் கடை முதலாளி தவுக்கே சார்டின் டின்னை ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும் என்றார்கள், அன்றைக்கே தின்று தீர்த்தாக வேண்டும் என்பதற்காக. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சாப்பாடு எடுத்துப் போகக் கூடாது, காப்பியில் சீனிகூடக் கூடாது. அப்பா விடிவதற்கு முன் வெறும் கடுங்காப்பியோடு போய், மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருவார்.

கடைசியில் வீட்டில் அரிசியே வைத்திருக்கக் கூடாது என்றார்கள். பொதுக் குசினி ஒன்று கட்டி, மொத்தமாகச் சோறு வடித்து, ரேஷன் கார்டைப் பார்த்து ஆளுக்கு இவ்வளவு என்று இரண்டு வேளையும் அளந்து போட்டார்கள். குழம்பு மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கணக்கு சரிதான். அரிசி மாதக்கணக்கில் இருக்கும், காட்டுக்குப் போகும். சோறு மறுநாள் புளித்துவிடும். எங்கே போகும்?

சைக்கிள் பம்புக்குள் அரிசியை அடைத்துக்கொண்டு போனார் என்று மூன்றாவது லயத்துக்காரர் ஒருவரைப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாக ஒரு பேச்சு, சிறையில் இருப்பதாக இன்னொரு பேச்சு. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்த அம்மாள் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வேலி வாசலைத் தாண்டிப் போனதை லயமே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றைக்கும் சின்னம்மா பிடிச் சோறு எடுத்தார்.

ஒதுக்கிய சோற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் சீரகமும் மிளகாயும் உப்பும் சேர்த்து மசித்துக் கிள்ளிக் கிள்ளி வைத்து வடகமாகக் காய வைப்பார். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, வேட்டிக்கும் சேலைக்கும் நடுவில், வெளியே தெரியாதபடி ஒரு தகரத்தில் காயும். மூன்று வெயில் கண்டதும் பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போகும். டின் அடுப்புக்கு மேலே பரணில், புகைபடும் இடத்தில் இருக்கும். அதிலிருந்து ஒன்றுகூட எடுத்துப் பொரித்தது கிடையாது. எட்டு மாதமாக நிறைந்துகொண்டே வந்தது.

அப்பாவுக்கு நடுக்கம். "தூக்கிப் போட்டுத் தொலை. மாத்தா வந்து பாத்தான்னா என்ன சொல்லுவ?" என்பார். போலீஸ்காரரை எங்கள் பக்கத்தில் மாத்தா என்றுதான் சொல்வோம்.

"சோத்த எப்படிங்க தூக்கிப் போடுறது?"

"யாருக்காகச் சேக்குற?"

"நாளைக்கு."

"நாளைக்குத்தான் குசினியில போடுறானே."

"போடலைன்னா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

யாருக்காகச் சேர்க்கிறார் என்ற கேள்வி லயத்திலும் சுற்றியது. கொடிக்குக் கீழே காய்வதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் என்னை நிறுத்தி, "ஒங்க சின்னம்மாவுக்குக் காட்டுல யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்குப் பிறகு சின்னம்மா பின்பக்கம் போனாலும், வேலியோரம் கீரை பறித்தாலும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் யாரையும் சந்திக்கவில்லை. கீரை பறித்தார், அவ்வளவுதான். ஆனாலும் ஒன்பது வயதுப் பசிக்கு ஒரு எதிரி தேவைப்பட்டது. என் தட்டிலிருந்து போகிற ஒரு பிடிதான் என் பசி முழுவதும் என்று நம்பினேன்.

பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே இருந்தது. போகும்போதும் வரும்போதும் வாசலில் சோதனை போடுவார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு தமிழ் அக்காவை வைத்திருந்தார்கள். காக்கிப் பாவாடை, சுத்தமான நகம். ஒருநாள் காலையில் அந்த அக்கா என் பையைப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு, "என்ன புள்ள, மூஞ்சி வாடிக் கெடக்கு? சாப்பிடலையா?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீனி மிட்டாயை எடுத்துக் கொடுத்தார்.

நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். எத்தனையோ மாதம் கழித்து வாயில் பட்ட இனிப்பு.

"சின்னம்மா எடுத்து ஒளிச்சு வெச்சிருவாங்க," என்றேன்.

"எத?"

"சோத்த. மேல டின்னுல. டின் நெறைய."

அக்கா என் பையை மூடிக் கொடுத்து, "போ" என்றார். நான் போனேன். மிட்டாய் கரைவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

அன்று எதுவும் நடக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் குசினிச் சோறு வாங்கி வந்து, சின்னம்மா தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். பின்னால் இரண்டு மலாய்க்கார மாத்தாக்கள், அவர்களுக்குப் பின்னால் தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தர், பெரிய கிராணியார். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பும் கறுப்புக் குடையுமாக ஆபீஸை விட்டு இறங்காதவர், லயத்துச் சேற்றில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் எங்கும் தேடவில்லை. ஒரு மாத்தா நேராக அடுப்படிக்குப் போய் மேலே கையை விட்டு டின்னை இறக்கினார். சின்னம்மா அதைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

டின்னை வாசலுக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தார்கள். விளிம்பு வரைக்கும் வடகம். இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்திருக்கும். துப்பிவிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"பிள்ளை, இது அரிசியோ எண்டு துரை கேக்கிறார்," என்றார் கிராணியார், சின்னம்மாவைப் பார்த்து. "யோசிச்சுச் சொல்லும்."

"அரிசி இல்லீங்க. வெந்த சோறு. குசினியில குடுத்த சோறுதான்."

கிராணியார் சொன்னார். இன்ஸ்பெக்டர் மறுபடி பேசினார்.

"சோறெண்டால் பழுதாப் போகவேணும். இது ஏன் பழுதாகேல்லை எண்டு கேக்கிறார்."

"கெட்டுப் போகக் கூடாதுன்னுதான ஐயா காய வெச்சேன்."

கிராணியார் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளைகள் தின்கிற பலகாரம், ஊர் வழக்கம் என்று சொன்னதாகப் பின்னாளில் அப்பாவிடம் அவரே சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் டின்னைக் காலால் தள்ளினார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு மாத்தா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அப்பா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, மூன்றாவது லயத்தின் பூட்டிய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராணியார் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, இவ்வளவையும் இப்பவே சாப்பிட்டு முடிக்கேலுமோ? இவருக்கு முன்னாலே. ஒண்டும் மிஞ்சக் கூடாது," என்று கேட்டார்.

சின்னம்மா டின்னையே பார்த்தார். எட்டு மாதம்.

"முடியும்," என்றார்.

அடுப்பை வாசலிலேயே மூட்டச் சொன்னார்கள். மூன்று கல் வைத்து, சட்டி ஏற்றி, போத்தலில் இருந்த எண்ணெயைக் கவிழ்த்தார். சட்டியின் அடிதான் நனைந்தது. முதல் ஈடு பொரிந்து வெள்ளையாக மலர்ந்தது. இரண்டாவது ஈடு கருகியது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. டின்னில் ஒரு விரலளவுகூடக் குறையவில்லை.

லயத்து ஆட்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சின்னம்மா பொரித்ததை முறத்தில் போட்டு நீட்டினார். யாரும் அசையவில்லை. வாங்கித் தின்றால் தாங்களும் இதில் சேர்ந்தவர்கள் ஆகிவிடுவோமோ என்ற பயம். சின்னம்மா முறத்தை நீட்டியபடியே நின்றார். கை தாழவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா வந்து முறத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அந்த நொறுங்கும் சத்தம் லயம் முழுவதும் கேட்ட மாதிரி இருந்தது. அடுத்து நான் போனேன். ஒன்றை எடுத்துத் தின்றேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி, குழாயடியில் என்னைக் கேள்வி கேட்டவள், உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். சட்டியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு முறத்திலிருந்து இரண்டை எடுத்துக் கடித்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு வந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய், அரைக் கரண்டி எண்ணெய். அதற்குப் பிறகு சட்டி ஓயவில்லை. அறுபது எழுபது பேர், கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று எல்லோரும் வாசலில் உட்கார்ந்து தின்றார்கள். நொறுங்கும் சத்தம்தான். இளவயது மாத்தாகூட ஒன்றை எடுத்துக் கடித்து, "க்ரோப்போக் மாதிரி இருக்கு," என்று, தங்கள் மீன் அப்பளத்தோடு ஒப்பிட்டு, மலாயில் மற்றவரிடம் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வையில் மீதியைக் கீழே வைத்துவிட்டார்.

சின்னம்மா தலை நிமிராமல் பொரித்தார். ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டியபோது அடியிலிருந்து கொஞ்சம் தூள் விழுந்தது. இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அப்பாவின் பக்கத்தில் நின்ற மாத்தா விலகினார்.

ஆனால் அவர்கள் சும்மா போகவில்லை. ஒதுக்கி வைக்கிற அளவுக்கு மிஞ்சுகிறதென்றால் கொடுப்பது அதிகம் என்றுதானே அர்த்தம்? எங்கள் கார்டில் ஓர் ஆள் பங்கைக் குறைத்துவிட்டார்கள். மூன்று பேருக்கு இரண்டு பேர் சோறு. கிராணியாரே அதை எழுதினார். எழுதும்போது அவர் சின்னம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா குளிக்கப் போயிருந்தார். சின்னம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, "நான்தான் சொன்னேன்," என்றேன். "வாசல்ல நிக்கிற அக்காகிட்ட."

தேய்க்கும் கை நின்றது.

"என்ன குடுத்தா?"

"மிட்டாய்."

"எத்தன?"

"ஒண்ணு."

சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுதானா," என்றார். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

அடிப்பார் என்று பல நாள் காத்திருந்தேன். அடிக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கை என் தட்டுக்கு வரவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் வழக்கமான அளவு சோறு போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். என்னைத் தள்ளி வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அடி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். "நீங்க சாப்பிடுங்க, நான் பெறவு சாப்பிட்டுக்கிறேன்," என்பார். அப்பா களைப்பில் கவனிக்கவில்லை. நான் குனிந்த தலை நிமிரவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம், நான் சாப்பிட உட்காரும் முன் தண்ணீர் மொள்ளப் பின்பக்கம் போனேன். சின்னம்மா படியில் உட்கார்ந்து சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கி வைத்திருந்தார். கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்றது. அது நிரம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் அழுத்தினார்.

"என்னா சின்னம்மா?"

அவர் சேலையை இறக்கிவிட்டார். "ஒண்ணுமில்ல. எங்கம்மாவுக்கு இப்படித்தான் மொதல்ல கால் வீங்கிச்சு. ஜப்பான்காரன் இருந்தப்ப, பஞ்சத்துல. அப்புறம் தங்கச்சிக்கு." வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "போ, போய்ச் சாப்பிடு. சோறு ஆறுது."

பக்கத்தில் குசினிச் சோறு வாங்கும் தூக்குச்சட்டி இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றி அலசி வைத்திருந்தார். தண்ணீரின் அடியில் பத்துப் பதினைந்து சோற்றுப் பருக்கை கிடந்தது. ஒரு கல் உப்பும் கிடந்தது, இன்னும் கரையாமல். அதுதான் அவர் 'பெறவு' சாப்பிடுவது.

நான் உள்ளே போய் என் தட்டோடு ஒரு வெறும் தட்டையும் எடுத்து வந்தேன். படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெறும் தட்டை அவர் முன்னால் வைத்து, என் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் வைத்தேன்.

"ஏய்," என்றார் சின்னம்மா. "எடு அத. ஒனக்குப் பத்தாது."

இன்னொரு பிடி வைத்தேன்.

"சொல்றது கேக்கல?" அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை. அது எங்கள் இருவருக்குமே ஒரே நேரத்தில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். அப்பா உள்ளேயிருந்து, "என்னா அங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல, மெளகா கடிச்சிட்டா," என்றார் சின்னம்மா.

என் கையை விட்டார். சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழம்பு இல்லாத அந்தச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக்கிச் சாப்பிட ஆரம்பித்தார். வெகுநேரம் மென்றார். நான் மூன்றாவது பிடியை வைத்தேன். அவர் தடுக்கவில்லை.